மூன்றாவது பாட்டு

கீறல் தெரியவில்லை. நேராகப் பிடித்தால் தெரியவில்லை. கொஞ்சம் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் தெரிகிறது, ஒரு விரல் அகலத்துக்கு, நரைமுடி ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி. பரிமளம் ஊதிப் பார்க்கிறாள். போகவில்லை. முடியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தன் தலைமுடியாகவே இருந்தாலும் பரவாயில்லை, உன் முடி இங்கே எப்படி வந்தது பரிமளா என்று ஒரு கேள்வி வரும், ஆனால் அது சின்னக் கேள்வி, சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். இது முடிகிற கேள்வி இல்லை. ரெக்கார்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஓரத்தில் பிடித்திருக்கிறாள், அவர் பிடிப்பது போலவே, விரல் படாமல். இவ்வளவு ஜாக்கிரதையாகப் பிடிக்கத் தெரிந்த கைதான் கீறியது. கை கீறவில்லை, போன் கீறியது. போனும் இல்லை. மூன்றாவது பாட்டின் பாதியில் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது, ஊசியைத் தூக்கலாம் என்று விரலைக் கொடுத்தாள், அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்திருந்த செல்போன் நடுங்கியது, திரையில் புருஷன் பெயர், மோகனசுந்தரம், கண்ணாடி போட்ட அவர் படம். அந்தப் படம் தன்னைப் பார்த்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. விரல் துள்ளியது. கிர்ரென்று ஒரு சத்தம், புதுத்துணி கிழிகிற மாதிரி. போன் அடித்துக்கொண்டே இருந்தது, ரெக்கார்டு சுற்றிக்கொண்டே இருந்தது, இரண்டில் எதை முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

போனைத்தான் முதலில் எடுத்தாள். எடுக்க நேரமானால் ஏன் நேரமாச்சு என்பார். "தூங்கினியா?" என்றார். "இல்லீங்க, பின்னாடி துணி எடுத்துட்டு இருந்தனுங்க." எதற்கு அந்தப் பொய்? யாரும் கேட்காமலே ஒரு பொய், இனி அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், துணி இன்னும் கொடியில்தான் கிடக்கிறது, அவர் வருவதற்குள் எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். "பெனடிக்ட் சார் குன்னூர்ல இருந்து வந்திருக்காரு. ஒர்க்‌ஷாப்லதான் இருக்கோம். சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டீட்டு வர்றேன். லெமுவல் டாக்கெட் ரெக்கார்டு கேக்கணுமாம். அவரும் எத்தனையோ வருஷமாத் தேடறாரு, கிடைக்கலை. ஏதாவது பலகாரம் பண்ணி வை. பாட்டு ரூமுக்குள்ள போக வேண்டாம், நானே வந்து பாத்துக்கறேன்." "சரிங்க." "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?" "காத்துங்க. ஆடிக் காத்து சத்தம் போடுதுங்க." வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அவளுக்குக் கேட்டது, பின்னால் ரெக்கார்டு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுவது. டொக் டொக், பேபி. டொக் டொக், பேபி. போனில் அவருக்கும் கேட்டிருக்குமா? சத்தம் குறைத்துத்தான் வைத்திருந்தாள், எப்போதும் குறைத்துத்தான் வைப்பாள், ஆனால் அவர் காது சாதாரணக் காது இல்லை, கணபதி ஏரியாவில் அவருடைய மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஓடுகிற மோட்டாரைத் தூரத்தில் நின்று கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். காதில் விழுந்திருந்தால் அப்போதே கேட்டிருப்பார். இல்லை, கேட்டிருக்க மாட்டார். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டு, அவள் தன் வாயால் வேறொன்று சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருப்பார். அப்படியும் செய்வார்.

இந்த ரூமுக்குள் அவள் வரக்கூடாது என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, இன்று போனில் சொன்னதுதான் முதல் தடவை. அதுவே பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொள்வார், அவ்வளவுதான், சமையல்கட்டுக்கும் இந்த ரூமுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், அந்தச் சுவர் வழியாகப் பாட்டு வராது, குரலும் வராது, பியானோவில் இடது கை அடிக்கிற தாளம் மட்டும் வரும். தடதட தடதட என்று. சோமனூரில் அவள் பிறந்த வீட்டை ஒட்டித் தறிக்குடோன், பவர்லூம் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்டு போய்ச் சத்தம் நின்றால்தான் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தாள், யாருடா இது, இங்கே தறி ஓட்டுகிறவன் என்று. அப்புறம் ஒருநாள் அவர் பெங்களூருக்கு மகள் நிவேதாவைப் பார்க்கப் போனபோது உள்ளே வந்து அந்த ரெக்கார்டைத் தேடி எடுத்தாள். அட்டையில் முன்பல் சந்து தெரியச் சிரிக்கிற கறுப்பு மனுஷன், அகலமான டை, பியானோ மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு. லெமுவல் டாக்கெட். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே அமெரிக்காவில் எங்கேயோ உட்கார்ந்து பாடி வைத்துவிட்டுப் போய்விட்டான். ரிதம் அண்ட் புளூஸ் என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்வார், அந்தப் பெயர் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷ் பாதி புரியும், பாதி புரியாது. மூன்றாவது பாட்டு மட்டும் புரியும், ஏனென்றால் பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்தபோது அவர் யாருக்கோ அதை விளக்கிக்கொண்டிருந்தார். சொந்த வீட்டு வாசல்லயே நின்னு தட்டறான் சார், மழை கொட்டுது, உள்ளே இருக்கறவ திறக்க மாட்டேங்கறா, அதான் பாட்டு. லெமு பாடிக்கொண்டே பியானோக் கட்டையில் விரலை மடக்கித் தட்டுவான், டொக் டொக், பேபி. கேட்டவர்கள் எல்லாரும் வெளியே நனைகிறவனுக்காக உச்சுக் கொட்டினார்கள். தட்டை வைத்துவிட்டு வெளியே வந்த பரிமளத்துக்கு மட்டும் உள்ளே இருக்கிறவள் நினைப்பாகவே இருந்தது. அவள் எங்கே நிற்கிறாள்? கதவுக்குப் பக்கத்திலா, அடுப்படியிலா? திறக்கக்கூடாது என்றா திறக்கவில்லை? கால் வராமல் நிற்கிறாளோ என்னவோ.

அவர் அடித்ததில்லை. அடித்திருந்தால் காட்டுவதற்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும், அண்ணனிடமோ நிவேதாவிடமோ இதோ பார் என்று கையைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். இதை எப்படிக் காட்டுவது? என்னிடம் கேள்வி கேட்கிறார் என்று போய்ச் சொல்ல முடியுமா? சோபாவில் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், நான் கோபமா இல்லை பரிமளா, நடந்ததை மட்டும் சொல்லு என்பார். சொல்வாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மறுபடி சொல்லு, மொதல்ல இருந்து. கார்ச் சாவி காணாமல் போன அன்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள், மேசை மேல் பார்த்தேன், மார்க்கெட் போய்விட்டு வந்தேன், அப்போது இல்லை. மறுபடி. மேசை மேல் பார்த்தேன். மறுபடி. எந்தக் கதவு வழியா உள்ளே வந்தே? முன்கதவு. மறுபடி. ஏழாவது தடவையோ பத்தாவது தடவையோ வாய் தானாகப் பின்கதவு என்று சொல்லிவிட்டது, அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அப்ப மொதல்ல சொன்னது பொய்யா? அந்த இடத்தில் அவளுக்கே தெரியாமல் போய்விட்டது, எந்தக் கதவு வழியாக வந்தோம், மார்க்கெட்டுக்கே போனோமா, சாவியை நாம்தான் எங்காவது வைத்துவிட்டோமா. ஆமாங்க, நான்தான் எங்கியோ வெச்சுட்டேன் என்று அழுதாள். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, சரி போய்ச் சாப்பிடு என்றார். அந்த மூன்று வார்த்தையில் முடிந்துவிட்டது. அவருக்கு முடிந்துவிட்டது.

இன்று என்ன சொல்வது? ரெக்கார்டை உறைக்குள் போட்டு அட்டைக்குள் தள்ளி, இருந்த இடத்தில் இருந்த சாய்வில் வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாதுங்க. அதுதான் நல்லது, சின்னதாக இருக்கிறது, சின்னப் பொய்யில் ஓட்டை விழ இடம் இருக்காது. ஆனால் போன வாரம்தான் அவர் அதைப் போட்டுக் கேட்டார், அப்போது நன்றாக இருந்தது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பல்லி விழுந்திருக்கும் என்றால்? பல்லி அட்டைக்குள் புகுந்து ரெக்கார்டைக் கீறிவிட்டு உறையையும் மூடிவிட்டுப் போகுமா? நிவேதா சின்ன வயசில் சி.டி.யில் கீறல் விழுந்தால் பற்பசை தேய்த்துத் துடைப்பாள், சரியாகிவிடும். பரிமளம் பாத்ரூம் வரைக்கும் போய்ப் பற்பசையைக் கையில் எடுத்துவிட்டாள். மூடியைத் திருகிய பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், ஐம்பத்திரண்டு வயசில் கோல்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழிக்கிற முகம், சிரிப்பு வருகிற மாதிரி இருந்து வராமல் போயிற்று. நிவேதாவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் பஸ் ஏறி வந்துரும்மா என்பாள், அவள் எப்போதும் சொல்வதுதான், அதைக் கேட்டாலே இன்னும் பயம் அதிகமாகும், பஸ் ஏறிப் போனால் அங்கே போனில் வருவார், ஏன் போனே பரிமளா, மொதல்ல இருந்து சொல்லு. முன்ரூம் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. உடம்பு தூக்கிப்போட்டது. காற்றுதான். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று, இந்த மாசம் முழுக்க இப்படித்தான், ஒவ்வொரு கதவாக அடித்துப் பார்க்கும். ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்தாள், மடித்தாள், அலமாரியில் வைத்தாள். அந்தப் பொய் இப்போது உண்மையாகிவிட்டது. இப்படி ஒவ்வொன்றையும் உண்மையாக்கிவிட முடிந்தால்.

கடலைப்பருப்பு வெந்துவிட்டது. போளி மாதிரித் தட்டுகிற ஒப்புட்டுக்கு மைதாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சரசு வந்தாள், சாயங்காலப் பாத்திரம் தேய்க்க. சிலிண்டர் பக்கத்தில் பையை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? மேலுக்கு ஆகலீங்ளா?"

"ஒண்ணுமில்ல சரசு. தலைவலி."

"அண்ணன் இன்னிக்கு நேரத்துலயே வர்றாங்ளா?" அந்த 'அண்ணன்' என்ற சொல் வரும்போது சரசுவின் குரலும் தணிந்துபோகும், வீட்டில் யாரும் இல்லாதபோதும்.

"விருந்தாளியோட வர்றாங்க. பாட்டுக் கேக்க."

"அப்ப அந்த ரூமையும் ஒரு கூட்டுக் கூட்டிரட்டுங்ளா? காத்துக்குப் பூரா மண்ணு அடிச்சுக் கெடக்குமுங்க."

மாவில் புதைந்திருந்த விரல்கள் அப்படியே நின்றன. அந்த ரூமை வெள்ளிக்கிழமைகளில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் சரசு கூட்டுவாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்பது சின்ன வார்த்தை. ஆனால் அதற்குள் மனசு எங்கேயோ முன்னால் ஓடிவிட்டது, சரசு உள்ளே போவாள், விளக்குமாறோடு, துடைக்கிற துணியோடு, அலமாரிக்குப் பக்கத்தில், அப்புறம் யார் உள்ளே போனார்கள் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, போனாள் என்றால் போனாள், எத்தனை தடவை கேட்டாலும் மாறாது, பத்துத் தடவை கேட்டாலும் ஒரே பதில். "சரி, கூட்டு" என்று ஒரு குரல் சொன்னது. தன் குரல்தான். சரசு விளக்குமாறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரிமளம் ரூம் வாசற்படியில் நின்று பார்க்கிறாள். சரசு குனிந்து மூலையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறாள், முழங்காலில் வலி, ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு. எதையும் தொடவில்லை. ரெக்கார்டு அலமாரிப் பக்கம் வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள், எதிலும் பட்டுவிடக்கூடாதென்று. அந்தச் செருகலையே பரிமளம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? போன வருஷம் டிரைவர் செல்லப்பனை இப்படித்தான் சோபாவில் உட்கார வைத்தார், வண்டியில் ஒரு கோடு விழுந்திருந்தது, அந்த ஆள் நாற்பது வயசு, மீசை வைத்த மனுஷன், வெளியே வரும்போது கேட்டைத் திறக்கத் தெரியாமல் உள்பக்கமாகவே இழுத்துக்கொண்டு நின்றான். சரசு அந்தச் சோபாவின் நுனியில் உட்காருவாள். உட்காரமாட்டாள், தரையில் உட்காருவாள். தொடலீங்கண்ணா என்பாள். மறுபடி சொல்லு. தொடலீங்கண்ணா. எந்தக் கையில் விளக்குமாறு இருந்தது? நான் சமையல்கட்டில் பஜ்ஜி எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நிற்பேனா? நிற்பேன், பயந்தால் எதையும் செய்வேன் போலிருக்கிறது, இப்போது செய்தேனே. "ஆச்சுங்க்கா" என்று சரசு நிமிர்ந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அவள் பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் ஒப்புட்டைச் சுட்டு, சூடாக இரண்டை வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். சரசு வாசம் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முகம் கொடுக்க முடியவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. இனி வீட்டில் தான் மட்டும்தான்.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டே போகிறது. வாழைக்காய் சீவி வைத்தாயிற்று, மாவு கரைத்தாயிற்று, காபிக்கு டிகாஷன் இறங்குகிறது, சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு கார் சத்தமும் அவருடைய கார் சத்தமாகவே இருக்கிறது, சாயிபாபா காலனியில் எத்தனை கார். ஒருநாள் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தபோது அவரைப் பார்த்திருக்கிறாள், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கு அடியிலிருந்து கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. பயந்து பின்வாங்கிவிட்டாள். இதை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா, அழுகிற மனுஷனைப் பார்த்துப் பயந்தேன் என்று? எங்கேயோ செத்துப்போன ஒருத்தன் கதவைத் தட்டுகிற சத்தத்துக்கு அழத் தெரிந்தவர், அதே ஆள் என்னை உட்கார வைத்து அதே குரலில் மறுபடி சொல்லு என்பார். இரண்டும் ஒரே ஆளா என்று யோசித்து யோசித்து ஓய்ந்துபோன காலம் உண்டு. இப்போது யோசிப்பதில்லை. இப்போது ஒன்றே ஒன்றுதான், நிமிஷத்துக்கு நிமிஷம் திரும்பத் திரும்ப வருவது. ஊசி அந்த இடத்துக்கு வரும். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, அப்புறம் வரும். பெனடிக்ட் சார் முன்னால் ஒன்றும் நடக்காது, அவர் போன பிறகு. அவர் போகாமலே இருந்துவிட்டால். ராத்திரி தங்கிவிட்டால். கேட் திறக்கிறது. இது நிஜமாகவே கேட்.

பெனடிக்ட் சார் உயரமான மனுஷன், குன்னூரில் தேயிலை எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க வெள்ளை. கையில் ஒரு பை நிறைய கேரட்டும் பீன்ஸும் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "நம்ம தோட்டத்துல விளைஞ்சதும்மா." மோகனசுந்தரம் கை கழுவிவிட்டு வந்து துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "காபியை ரூமுக்கே கொண்டு வந்துரு பரிமளா." கொண்டு போனாள், பஜ்ஜியும் ஒப்புட்டும் வைத்தாள், திரும்பும்போது பெனடிக்ட் சார், "நீங்களும் உக்காருங்கம்மா, தனியா என்ன பண்ணப்போறீங்க?" என்றார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் அட்டையிலிருந்து ரெக்கார்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். விருந்தாளி சொன்னதை மறுக்க மாட்டார். "உக்காரு" என்றார், அவளைப் பார்க்காமலே. கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மஞ்சள் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அவர் ரெக்கார்டைச் சாய்த்துப் பார்த்தார், வெல்வெட் பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் துடைத்தார், இப்போது பார்ப்பார், இப்போது பார்க்கிறார், பார்க்கவில்லை. வைத்துவிட்டார். ஊசி இறங்கியது.

இவ்வளவு சத்தமாக அவள் லெமுவைக் கேட்டதே இல்லை. இடது கை தரை வழியாக ஏறிவந்து நாற்காலியை அதிர வைத்தது. லெமு மூச்சு எடுக்கிறது கேட்டது, அவன் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது, ஒரு சொல்லை முடித்துவிட்டு நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது, இத்தனை நாள் இதையெல்லாம் கேட்காமல் போனோமே என்று ஒரு ஏக்கம் பயத்துக்கு நடுவிலிருந்து தலையை நீட்டியது, உடனே உள்ளே போய்விட்டது. முதல் பாட்டு முடிந்தது. பெனடிக்ட் சார் காபியைத் தொடவில்லை. இரண்டாவது பாட்டு மெதுவான பாட்டு, எப்போதும் நீளமான பாட்டு, இன்று எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிகிறது? முடிந்தது. மூன்றாவது ஆரம்பித்தது, மழை, வாசல், லெமு கதவுக்கு முன்னால் வந்து நின்றான். டொக் டொக், பேபி. டொக் டொக், பேபி. டொக் டொக், பேபி.

மோகனசுந்தரம் எழுந்திருக்கவில்லை. பிளேயரைப் பார்க்கவுமில்லை. நேராக அவளைத்தான் பார்த்தார். உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு, விருந்தாளிக்காக.

"பரிமளா, சரசு இந்த ரூமுக்குள்ள வந்தாளா இன்னிக்கு?"

டொக் டொக், பேபி.

அவரே கொடுக்கிறார். தலையை ஆட்டினால் போதும். பொய்கூட இல்லை. தலை ஆடப் பார்த்தது, கழுத்து நரம்பு அதற்குத் தயாராகிவிட்டது, அப்போது எதனாலோ சரசு தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியது கண்ணுக்கு முன்னால் வந்தது, அதற்கு மேல் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்திருக்க மாட்டாள். எழுந்து மூன்றடி நடந்து பிளேயருக்குப் பக்கத்தில் போனாள். சின்ன விரலைப் பெட்டி ஓரத்தில் ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் ஊசியைத் தூக்கினாள். ரூம் திடீரென்று அமைதியாயிற்று. மூன்றாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் நடுவில் பளபளப்பாக ஒரு கோடு உண்டு, அதன் மேல் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறக்கினாள். ஒரு நொடி உரசலாக ஒரு சத்தம், அப்புறம் நாலாவது பாட்டு ஆரம்பித்தது, முதல் தட்டிலிருந்தே, ஒன்றும் சிந்தாமல்.

அவள் திரும்பினாள். "சரசு வந்தாளுங்க. கூட்டினா. ரெக்கார்டைத் தொடலீங்க. கீறினது நான்."

"நீ?"

"ஆமாங்க. நீங்க இல்லாதப்ப நான் போட்டுக் கேப்பேனுங்க. இன்னிக்கு ஊசியைத் தூக்கறப்ப கை ஆடிப்போச்சு."

மோகனசுந்தரம் காபி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?" என்றார், மெதுவாக, ரொம்பப் பிரியமாகக் கேட்பது போல. அவளுக்குத் தெரிந்த குரல். பிளேயரை விட்டு நகராமல் நின்ற இடத்திலேயே நின்றாள். பெனடிக்ட் சார் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆறிப்போன காபியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"இதுல உங்களுக்கு எந்தப் பாட்டும்மா பிடிக்கும்?"

இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. இதற்கு எந்தப் பதிலையும் அவள் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

"மூணாவதுங்க சார்" என்றாள். சொன்ன பிறகுதான் அது உறைத்தது, பகல் முழுக்க உறைக்காதது. இனி அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க முடியாது. அவராலும் முடியாது, தன்னாலும் முடியாது. கண் நிறைந்து வந்தது, பயத்துக்கு வருகிற கண்ணீர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், இது வேறு. பெனடிக்ட் சார் தலையை ஆட்டினார். "நானும் அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றார். ரெக்கார்டின் அந்தப் பக்கம் முடியும் வரைக்கும் மூன்று பேரும் கேட்டார்கள்.

விருந்தாளி சீக்கிரமே கிளம்பிவிட்டார். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற வேண்டும், பனி இறங்கிவிடும் என்றார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற மோகனசுந்தரத்தின் தோளில் கை வைத்து அழுத்தினார், அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் புருஷன் கேட்டருகில் நின்றார். உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து டீப்பாய் மேல் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சோபாவைக் காட்டினார்.

"உக்காரு பரிமளா. நான் கோபமா இல்லை. மொதல்ல இருந்து சொல்லு."

அவள் பாட்டு ரூமிலிருந்து காபி டம்ளர்களையும் தட்டுகளையும் எடுத்து அடுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்துவிடு என்று கால் சொன்னது. இத்தனை வருஷமாக உட்கார்ந்த கால். நாக்கு ஒட்டிக்கொண்டது, பிரித்தெடுத்துப் பேச வேண்டியிருந்தது.

"உள்ளே சொன்னதுதானுங்க."

"மறுபடி சொல்லு."

"ஒரு தடவை சொல்லீட்டனுங்க. மறுபடி சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல மாட்டனுங்க. சரசுகிட்டயும் நீங்க கேக்கக் கூடாது."

அவர் எழுந்து நின்றார். அவள் சோபாவைத் தாண்டிச் சமையல்கட்டுப் பக்கம் நடந்தாள். முதுகுத்தண்டு முழுக்க அவர் பார்வை இருந்தது, ஐஸ் வைத்த மாதிரி, இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி. "பரிமளா" என்றார். அவள் நிற்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது, எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று வீடு முழுக்கக் கேட்டன. மார்போடு அணைத்துப் பிடித்தால் சத்தம் நின்றுவிடும். பிடிக்கவில்லை. அவருக்குக் கேட்கட்டும் என்று அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.